பத்துப் பக்கத் தமிழ்

மீஞ்சூரில் அரசாங்கம் தமிழில் பேசுவதில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. ரேஷன் கடைப் பலகை தமிழில் இருக்கிறது. பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் பட்டா மாறுதல் கேட்டுத் தமிழிலேயே மனு எழுதலாம். 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் பெற்றுத் தந்த உரிமை அது, சாதாரணமானதல்ல. ஆனால் ஒரு வட்டாரத்தின் பிழைப்பையே மாற்றக்கூடிய இடத்தில், அதாவது சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கும்போது, அந்தத் தமிழ் எவ்வளவு தூரம் கூட வருகிறது?

காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கொள்ளளவை ஆண்டுக்குச் சுமார் 2.47 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னாக உயர்த்தும் திட்டத்துக்கு, 2021 ஜனவரி 22 அன்று மீஞ்சூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். கொரோனாவைக் காட்டித் தள்ளிவைத்தார்கள். இத்தகைய கூட்டங்களை நடத்தும் முறையை வகுப்பது மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. அதன்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் மட்டும் மாநில மொழியில் இருந்தால் போதும். அந்தச் சுருக்கம் பத்து ஏ4 பக்கங்களைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. பன்னிரண்டு அத்தியாயங்கள் கொண்ட முழு அறிக்கையைத் தமிழில் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை மக்களின் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். ஆக, தொடக்கத்தில் பத்துப் பக்கம், முடிவில் கொஞ்ச நேரம் வாய்மொழி. எந்த ஆதாரத்தை வைத்துக் கேள்வி கேட்க வேண்டுமோ அது ஆங்கிலத்தில் கிடக்கிறது.

அந்தப் பத்துப் பக்கத்துக்குள்ளும் சொல் தடுக்குகிறது. கப்பல் வரக் கடலடியைத் தோண்டுவதைத் ‘தூர்வாருதல்’ என்றே எழுதுகிறோம். ஏரியைத் தூர்வாருவது ஊருக்கு நல்லது என்று தெரிந்தவர்கள் அதை எப்படி எதிர்ப்பார்கள்? கடலில் மண் கொட்டி நிலமாக்குவதற்கு ‘நில மீட்பு’ என்று பெயர். இருந்ததை இழந்தால்தானே மீட்க வேண்டும்? ‘கடலைத் தூர்த்தல்’ என்று எழுதியிருந்தால் மீனவர் வீட்டில் ஒரே மூச்சில் புரிந்திருக்கும்.

எதிர்வாதத்தையும் பார்க்க வேண்டும். முழு அறிக்கையையும் மொழிபெயர்த்தால் யார் படிப்பார்கள்? அயர்லாந்து இந்தக் கேள்வியை அனுபவித்தே தெரிந்துகொண்டது. அங்கே அரசியல் சட்டப்படி ஐரிஷ்தான் முதல் ஆட்சிமொழி. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டறிக்கைகளையும் கணக்குகளையும் இரு மொழியிலும் வெளியிடச் சொன்னது. படிக்க ஆளில்லாத தாளுக்கு மக்கள் பணம் போகிறது என்ற விமர்சனம் எழுந்தது. 2021 திருத்தம் ஆட்களின் பக்கம் திரும்பியது: 2030 முடிவுக்குள், அரசுப் பணிக்குப் புதிதாக வருவோரில் 20 சதவீதத்தினர் ஐரிஷ் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

அந்த வாதம் மீஞ்சூருக்குப் பொருந்தாது. இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை; அவர்கள் கையில் கொடுக்கத்தான் தாள் இல்லை. செலவும் அரசின் தலையில் விழாது; அறிக்கை தயாரிப்பது திட்டக்காரரின் பொறுப்பு. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வந்துவிட வேண்டும் என்பதால், தமிழ் அறிக்கை அதற்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். 2020-இல், இந்த 2006 அறிவிக்கைக்குப் பதிலாக முன்வைக்கப்பட்ட வரைவு அறிவிக்கையை 22 மொழிகளில் வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நியாயம் ஊரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் அறிக்கைக்கும் பொருந்தாதா?

அளவு அட்டவணைகளையும் பின்னிணைப்புகளையும் மொழிபெயர்க்க நான் கேட்கவில்லை. திட்ட விவரம், எதிர்பார்க்கும் பாதிப்புகள், மேலாண்மைத் திட்டம் ஆகிய மூன்று அத்தியாயங்கள் முழுதாகத் தமிழில் வர வேண்டும், அறிக்கை எழுதிய நிறுவனத்தின் கையெழுத்தோடு. இவை இல்லாமல் நடப்பதைக் கருத்துக்கேட்பு என்று என்னால் ஏற்க முடியாது.

மக்கள் பேசியது டெல்லிக்குப் போகும் வழியிலும் இதே கவனம் வேண்டும். அருகிலுள்ள பழவேற்காட்டு ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். ஒரு மீனவர் எழுந்து “எங்க பாடு போயிடும்” என்றால் அவர் சொல்வது தலைமுறைகளாக வந்த உரிமையை. அனுமதியைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவின் மேசையில் அது ‘மீன்பிடிப்பு பாதிக்கப்படும்’ என்ற ஒரு வரி ஆங்கிலமாகப் போய்ச் சேர்ந்தால், எதை எடுத்துக்கொள்ள அனுமதி தருகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது.