பொறுமையின் கம்பி

ஹியூலெட்-பக்கார்டு 3478ஏ என்னும் பழைய மல்டிமீட்டரின் பின்புறத்தில், கருவியையும் கணினியையும் பேசவைக்கும் ஜிபிஐபி கம்பியின் 24 தொடுமுனைகள் கொண்ட கனத்த இணைப்பியைப் பொருத்தி, அதன் இரு திருகுகளையும் விரல்நுனியால் அவசரமின்றி முடுக்குகையில், அந்த உலோகத்தின் குளிர்ச்சியிலும் கனத்திலும் அதைச் செய்தவர்களின் சிரத்தை கைக்கே புலப்படுகிறது. கம்பியின் மறுமுனையைச் சிறியதொரு யுஎஸ்பி மாற்றியின் வழியே இன்றைய கணினியில் சேர்த்து, ‘எஃப்1’ என்று ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் அனுப்பினால், உள்ளே ரிலேக்கள் ‘டிக்’கென்று இடம் மாற, கருவி நேர்திசை மின்னழுத்தத்தை அளக்க ஆயத்தமாகிவிடுகிறது.

இந்தச் சம்பாஷணையில் என்னை வசீகரிப்பது அதன் மரியாதையே. கேட்பவர் ‘தயார்’ என்று குறிப்புக் காட்டிய பின்னரே பேசுபவர் ஓர் எழுத்தை முன்வைப்பதும், அது பெறப்பட்டதென்று அறிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்வதும், ஒரே கம்பியில் பலர் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களில் மிக நிதானமானவருக்காக ஏனையோர் அனைவரும் காத்திருப்பதும், வெறும் மின்குறிகளால் நிகழ்கிற தாக்ஷிண்யம் அல்லவா? அதிவேகக் கணினியையும் இவ்விதம் பொறுமையுடன் கேட்க வைத்து, முதிய கருவியின் துல்லியமான சொல்லை அட்சரம் பிசகாமல் வாங்கித் தருகிற இந்தக் கைவேலை, நம் மதிப்புக்கு முற்றும் பாத்திரமானது.