தொகுப்பு மேசையில் ஒரு முகம்: ‘கிம்மி ஷெல்டர்’ ஆவணப்படத்தில் மேடையின் பின்புறம்

ஆய்வுச் சுருக்கம்

இசைக்குழுக்களின் பயணங்களைப் பின்தொடரும் ஆவணப்படங்கள், மேடையில் காணக் கிடைக்காத உண்மை மேடைக்குப் பின்னால் இருக்கிறது என்ற நம்பிக்கையின்மேல் எழுப்பப்படுகின்றன. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணத்தைப் பதிவுசெய்த ‘கிம்மி ஷெல்டர்’ (1970) என்னும் படம் இந்த நம்பிக்கையை இடம்மாற்றுகிறது. ஒப்பனை அறைக்குப் பதிலாகப் படத்தொகுப்பு மேசையை அது மேடையின் பின்புறமாக ஆக்குகிறது. இம்மாற்றத்தின் விளைவுகளையும், அதன் நேர்மை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், இசைப்பயணம், படத்தொகுப்பு, மெய்ப்பாடு, சாட்சியம்.

முன்னுரை

இசைக்குழுவின் பயணத்தை உடனிருந்து படமாக்கும் வழக்கம் 1960களில் வேரூன்றியது. தோளில் சுமக்கத்தக்க எடை குறைந்த கேமராவும், அதனோடு ஒத்திசைந்து ஒலியைப் பதியும் கருவியும் கிடைத்தபின், விடுதி அறைக்குள்ளும் வாகனத்துக்குள்ளும் படக்குழு நுழைவது எளிதாயிற்று. ஆல்பர்ட் மேஸில்ஸ், டேவிட் மேஸில்ஸ் சகோதரர்கள் 1964இல் பீட்டில்ஸ் குழுவின் முதல் அமெரிக்க வருகையை இவ்வாறு படமாக்கினர். பாப் டிலனின் 1965ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தை டி. ஏ. பென்னிபேக்கர் படமாக்கினார். விளக்கவுரை கூறும் குரலைத் தவிர்ப்பதும், நிகழ்வதை நிகழ்ந்தவாறே காட்ட முயல்வதும் இவ்வகைப் படங்களின் கொள்கை. ‘நேரடித் திரைப்படம்’ என்று இம்மரபு அழைக்கப்பட்டது.

இக்கொள்கைக்குள் ஒரு முன்முடிவு பொதிந்துள்ளது. மேடையில் நிற்பவர் நடிக்கிறார், மேடையைவிட்டு இறங்கியதும் அவர் தாமாகிறார் என்பதே அது. ‘கிம்மி ஷெல்டர்’ படத்தைத் தனித்து நோக்க வேண்டியதன் காரணம், அது இந்த முன்முடிவை ஒரு மரணத்தின் முன் நிறுத்திச் சோதித்தது என்பதாகும்.

நிகழ்வும் படத்தின் அமைப்பும்

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1969 நவம்பரில் அமெரிக்க நகரங்களில் நிகழ்ச்சிகள் நடத்தியது. பயணத்தின் நிறைவாக, டிசம்பர் 6ஆம் நாள் கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் கார்ப் பந்தயத் திடலில் ஓர் இலவச நிகழ்ச்சி நடந்தது. ஏறத்தாழ 3,00,000 பேர் திரண்டனர். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமே இருந்த மேடை, சரிவின் அடிப்பகுதியில் அமைந்திருந்தது. அதைச் சூழ்ந்து நின்றவர்கள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தினர். ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் பாடகர் மார்ட்டி பாலின் தம் குழுவின் நிகழ்ச்சியின்போதே அவர்களால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். மாலையில் ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருந்தபோது மெரிடித் ஹண்டர் என்னும் 18 வயதுக் கறுப்பின இளைஞர் மேடையருகே குத்திக் கொல்லப்பட்டார். வாகனம் மோதி இருவரும், கால்வாயில் மூழ்கி ஒருவரும் அந்நிகழ்ச்சியை ஒட்டி உயிரிழந்தனர்.

இவற்றைக் காலவரிசையில் கூறியிருந்தால், கொண்டாட்டத்தில் தொடங்கிக் கொலையில் முடியும் கதையாகப் படம் அமைந்திருக்கும். இயக்குநர்களான மேஸில்ஸ் சகோதரர்களும், அவர்களோடு இயக்கத்தில் பங்குகொண்ட படத்தொகுப்பாளர் ஷார்லட் ஸ்வெரினும் அவ்வழியை விலக்கினர். படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே குழுவினர் தொகுப்பு அறையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். நிகழ்ச்சிக்கு மறுநாள் சான் பிரான்சிஸ்கோ வானொலி நிலையம் ஒன்று ஒலிபரப்பிய உரையாடலின் பதிவை அவர்கள் கேட்கின்றனர். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் தலைவர்களுள் ஒருவரான சன்னி பார்ஜரின் சினம் நிறைந்த குரல் அதில் ஒலிக்கிறது. ஒருவர் இறந்தார் என்பது இவ்வாறு தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதன்பின் வரும் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிகழ்ச்சியின் துள்ளலை, அம்மரணத்தை மறந்துவிட்டு நாம் காண இயலாது. அடுத்து என்ன நிகழும் என்ற ஆவல் நீங்கி, இது எவ்வாறு இங்கே வந்து சேர்ந்தது என்ற வினா அதன் இடத்தைப் பிடிக்கிறது.

பார்வையாளராகும் கலைஞர்

குழுவினர் தங்களையே திரையில் காண்பதைப் படமாக்கலாம் என்ற எண்ணம் ஸ்வெரினுடையதாகக் கூறப்படுகிறது. இந்தத் தெரிவினால் மேடையின் பின்புறம் என்பதன் பொருளே மாறுகிறது. ஒப்பனை அறையில் இருக்கும் கலைஞர் அடுத்த மேடையை எதிர்நோக்கி இருப்பவர். கேமரா அங்கும் இருப்பதை அவர் அறிவார். தொகுப்பு மேசைமுன் அமர்ந்திருப்பவருக்கோ அடுத்த மேடை இல்லை. நடந்து முடிந்ததை அவர் மாற்றவும் இயலாது.

ஒரு காட்சி இதைத் தெளிவாக்கும். பயணத்தின்போது செய்தியாளர் ஒருவரின் வினாவுக்குத் தாம் சாதுரியமாக விடையளித்ததை மிக் ஜாகர் சிறுதிரையில் காண்கிறார். கண்டதும் அது வெறும் பிதற்றல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார். செய்தியாளர் கூட்டத்தில் நகைப்பை எழுப்பிய அதே விடை, சில வாரங்களில் சொன்னவருக்கே கேட்கப் பொறுக்காததாகிவிட்டது. எந்த விமர்சகரின் உரையும் இத்தனை சுருக்கமாக அந்த மாற்றத்தைச் சொல்லியிருக்க முடியாது.

அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடக் காட்சியும் இவ்வகையினதே. பதிவான தம் பாடலை மீண்டும் ஓடவிட்டுக் குழுவினர் கேட்கின்றனர். சார்லி வாட்ஸின் முகத்தில் கேமரா நெடுநேரம் நிலைக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் முகங்களே இப்படத்தின் இணைப்புச் சரடு என்பதை அக்காட்சி உணர்த்துகிறது.

மெய்ப்பாடு மறுக்கும் முகம்

படத்தின் உச்சம் ஹண்டரின் கொலை பதிவான காட்சித்துண்டு. ஜாகர் அதைக் காண்கிறார். மீண்டும் ஓட்டிக் காட்டும்படி கேட்கிறார். டேவிட் மேஸில்ஸ் படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டி, வேகத்தைக் குறைத்து, நிறுத்துகிறார். ஹண்டரின் கையிலிருந்த துப்பாக்கி அவருடன் வந்த பெண்ணின் வெண்ணிற ஆடையின் பின்னணியில் ஒரு கணம் தெரிகிறது, கத்தியும் தெரிகிறது. கொடுமை என்ற பொருள்படச் சில சொற்களே ஜாகரிடமிருந்து வருகின்றன. பின்னர் அவர் எழுந்து விடைபெறுகிறார். அவருடைய முகத்தில் படம் உறைந்து நிற்கிறது.

அந்த முகத்தில் என்ன இருக்கிறது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உரையாசிரியர்கள், உள்ளத்து நிகழ்வது புறத்தார்க்குப் புலப்படுமாறு உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு என விளக்குவர். இழவு அழுகைக்கு நிலைக்களன்களுள் ஒன்று எனவும் அவ்வியல் கொள்கிறது. இக்கருத்தைக் கருவியாகக் கொண்டு நோக்கினால், உறைந்த அம்முகம் எளிதில் வகைப்படுவதில்லை. அதில் அழுகை இல்லை, அச்சமும் துலங்கவில்லை. மேடையில் ஒவ்வோர் உணர்வையும் பெருக்கிக் காட்டப் பழகிய உடல், காட்டியே தீர வேண்டிய நேரத்தில் எதையும் காட்டவில்லை.

இதை இதயமின்மை என்று படிப்பது ஒரு வழி. அதிர்ச்சி என்று படிப்பது மற்றொரு வழி. இவ்விரண்டுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போதிய சான்றைப் படம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. பேரிழப்பைக் கண்டவர் அழுதே ஆக வேண்டும் என எதிர்பார்ப்பது, அவரை மீண்டும் மேடையேற்றுவதாகும். அந்த எதிர்பார்ப்பு நம்முள் இருப்பதை அம்முகம் நமக்கே காட்டிவிடுகிறது. மேடையின் பின்னால் உண்மை முகம் இருக்கும் என்று நம்பி வந்த பார்வையாளருக்கு, படிக்க இயலாத முகம் ஒன்றே கிடைக்கிறது.

கேமரா: சாட்சியும் பங்காளியும்

படம் 1970 டிசம்பரில் வெளியானபோது கடும் கண்டனம் எழுந்தது. ‘நியூயார்க்கர்’ இதழில் பாலின் கேல், படமாக்கப்படுவதற்காகவே ஒழுங்குசெய்யப்பட்ட ஒரு நிகழ்ச்சியைத் தானாக நிகழ்ந்ததுபோலக் காட்டுகிறார்கள் என்னும் பொருள்பட எழுதினார். படக்குழுவினர் இதை மறுத்தனர். கேலின் வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. கொலையை எவரும் திட்டமிடவில்லை. எனினும் அவ்வாதத்தின் ஒரு கூறு வலுவானது. ஆல்டமாண்டுக்கு முன்பு தேர்ந்திருந்த சியர்ஸ் பாயிண்ட் பந்தயத் திடல் கைநழுவியதற்குரிய காரணங்களுள் ஒன்று, அதன் உரிமையாளராக இருந்த நிறுவனம் அந்நிகழ்ச்சிப் படத்தின் வினியோக உரிமையைக் கோரியமை. நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஒரு நாளே இருந்த நிலையில் இடம் மாறியது. சியர்ஸ் பாயிண்டில் மேட்டின்மேல் நிற்பதற்கென வடிவமைத்த தாழ்ந்த மேடை, ஆல்டமாண்டின் பள்ளத்தில் நின்றது. கூட்டத்துக்கும் குழுவுக்கும் இடையே காவலென நின்றவர்களின் வன்முறைக்கு அந்தத் தாழ்வும் வழிவிட்டது.

ஆகவே படமாக்கும் திட்டமே நிகழ்வின் காரணங்களுள் ஒன்றாகக் கலந்திருந்தது. வழக்கறிஞர் மெல்வின் பெல்லியின் அலுவலகத்தில் தொலைபேசிவழி நடக்கும் பேரங்களைப் படம் விரிவாகக் காட்டுகிறது. தன் பங்கை அதே அளவுக்கு வெளிச்சத்தில் வைக்கவில்லை. தொகுப்பு மேசைமுன் குழுவினர் அமர்த்தப்பட்டனர். டேவிட் மேஸில்ஸ் அங்கே தோன்றினாலும், அவர் கருவியை இயக்குபவராகவே தோன்றுகிறார். காண்பவர் என்ற நிலையில் அவரை நோக்கி எந்த வினாவும் எழுவதில்லை. படத்தின் நேர்மை நின்றுவிடும் இடம் இதுவே.

அதே காட்சித்துண்டு நீதிமன்றத்திலும் பயன்பட்டது. ஹண்டரைக் குத்திய ஆலன் பசாரோ, தற்காப்புக்காகவே செயல்பட்டதாக 1971 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார். நடுவர் குழுவினர் அப்படத்துண்டைக் கண்டே முடிவுக்கு வந்தனர். துப்பாக்கியைக் காட்டிய அதே படம், ஹண்டரின் அன்றைய நாள் எப்படிக் கழிந்தது என்பதையோ, வெள்ளையர் பெருங்கூட்டத்தில் கறுப்பின இளைஞர் ஒருவர் எதை உணர்ந்திருக்கக்கூடும் என்பதையோ காட்டவில்லை.

ஹண்டரின் இடம்

ஜாகரின் முகத்துக்கு இத்தனை நேரம் ஒதுக்கிய படம், ஹண்டருக்கு ஒதுக்கியது சில நொடிகளே. அவருடைய வாழ்வு, குடும்பம், ஊர் எதுவும் படத்துள் இடம்பெறவில்லை. அவர் ஒரு சான்றாக மட்டும் எஞ்சுகிறார். பல பத்தாண்டுகளுக்குப் பின், 2006இல், சாம் கிரீன் இயக்கிய ‘லாட் 63, கிரேவ் சி’ என்னும் குறும்படம் ஹண்டரின் பெயர் பொறிக்கப்படாத கல்லறையைத் தேடிச் சென்றது. அதன் தலைப்பே அக்கல்லறையின் இட எண். முந்தைய படம் விட்டுச்சென்ற வெற்றிடம் எவ்வளவு பெரிது என்பதற்கு இக்குறும்படத்தின் இருப்பே போதிய சான்று.

முடிவுரை

பின்வந்த காலத்தில் இசைக்குழுப் பயணப் படங்கள் பெருகின. ஒன் டைரக்ஷன் குழுவைப் பற்றிய ‘திஸ் இஸ் அஸ்’ (2013), பிடிஎஸ் குழுவைப் பற்றிய ‘பர்ன் தி ஸ்டேஜ்’ (2018) போன்றவற்றில் களைப்பும் கண்ணீரும் விளையாட்டும் நிறைந்துள்ளன. அவை பொய்யென்று கூறுவதற்கில்லை. ஆனால் அங்கே மேடையின் பின்புறம் இரண்டாவது மேடையாகிவிட்டது. அதற்கும் ரசிகர் கூட்டம் உண்டு. கலைஞர் தம்மைத் தாமே கண்டு வாயடைத்து நிற்கும் தொகுப்பு மேசை அங்கே அரிது.

‘கிம்மி ஷெல்டர்’ அந்த மேசையை நமக்குக் காட்டியது. காண்பதும் ஒரு செயல், அதற்கும் பொறுப்பு உண்டு என்பதை அது கலைஞரிடம் கேட்டது. அதே வினாவைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளும் துணிவு அதற்கு முழுமையாக வாய்க்கவில்லை. அடைக்கலம் வேண்டுவதாகப் பொருள்படும் தலைப்பைத் தாங்கிய படம், தன் சட்டகத்துக்குள் உயிரிழந்தவருக்கு ஒரு பெயர்ப்பலகையளவு இடமும் தரவில்லை. இக்குறையை மறவாமல் காண்பதே அப்படத்தை இன்று காணும் முறையாகும்.