நாலாயிரம் எழுத்துக்குள் ஒரு நோயாளி

இலக்கிய விமரிசனம் என்றதும் நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் மட்டுமே எடுத்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அச்சேறாத எழுத்து, பரிசு பெறாத எழுத்து, ஒருவர் எழுத மற்றொருவர் ஒருமுறை படித்துவிட்டு மூடிவைக்கும் எழுத்து ஆகியவை பற்றி விமரிசகர் வாய் திறப்பதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் இளைஞரை எவ்வாறு பேசும்படி பழக்குகின்றது என்பதை அறிய விழைவோர்க்கு இத்தகைய எழுத்துகள் நாவல்களினும் சிறந்த சான்றாதல் கூடும். பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் எழுதுகின்ற தன்விளக்கக் கட்டுரை அவ்வகையைச் சார்ந்தது. 'பேர்சனல் ஸ்ரேற்மென்ற்' என்று மாணவர் வழங்குவதும் இதனையே. உலகின் பல நாடுகளிலுமிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர் ஒரே காலத்தில், ஒரே அளவில், ஒரே நோக்கத்துக்காக எழுதும் ஓர் உரைநடை வடிவத்தை விமரிசனம் புறக்கணித்தல் தகாது.

உருவத்தை முதலில் நோக்குவோம். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் பட்டப்படிப்புகளுக்கான விண்ணப்பங்கள் யூகாஸ் என்னும் நிறுவனத்தின் வழியாகவே செல்கின்றன. மருத்துவத்துக்கு ஒக்டோபர் 15ஆந் திகதி மாலை ஆறு மணி இறுதி எல்லை; ஏனைய துறைகளுட் பெரும்பாலானவற்றுக்கு அடுத்த சனவரி வரை அவகாசமுண்டு. ஐந்து தெரிவுகளுள் நான்கை மட்டுமே மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம். கட்டுரை ஒன்றே, அதுவே எல்லாக் கல்லூரிகளுக்கும் செல்லும். அதன் அளவு, இடைவெளிகளும் உட்பட, 4000 எழுத்துருக்கள். 2025ஆம் ஆண்டு அனுமதி வரை அது தொடர்ச்சியான ஒரே கட்டுரையாக இருந்தது. 2026 அனுமதிக்கு விண்ணப்பித்தோர் முதற்கொண்டு மூன்று வினாக்களுக்கு விடையாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இத்துறையை ஏன் கற்க விரும்புகின்றீர்? உமது கல்வி இதற்கு உம்மை எவ்வாறு ஆயத்தஞ் செய்தது? கல்விக்கு வெளியே வேறு என்ன செய்தீர், அது ஏன் பயனுடையது? நாலாயிரம் என்றவுடன் ஆழ்வார்களை நினைக்கும் தமிழ் வாசகருக்கு ஒன்று கூறலாம்: இந்த நாலாயிரத்திலும் உருக்கத்துக்குக் குறைவில்லை.

தன்னைத் தானே புகழ்தல் நம் மரபுக்குப் புதிதன்று. நன்னூலார் தமது பாயிரத்தில், புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்களை வரையறுத்துச் சொல்கின்றார். அரசவைக்கு ஓலை எழுதுமிடத்தும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வெல்லவேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்தவிடத்தும் அது தகும் என்பது அவர் கருத்து. நாம் கூறும் கட்டுரை முதலிரண்டின்பாற் படும். ஆகவே தற்புகழ்ச்சி என்பதற்காக அதனைக் குறைகூறுதல் முறையன்று. நமது வினா வேறு. தன்னை உயர்த்திக் காட்டுவதற்கு இம்மாணவன் யாருடைய தோளின்மீது ஏறி நிற்கின்றான்?

2007ஆம் ஆண்டில் யூகாஸ் நிறுவனத்தின் ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவம் முதலிய துறைகளுக்கும் வந்த ஏறத்தாழ 50000 விண்ணப்பங்கள் ஒன்றோடொன்று ஒப்புநோக்கப்பட்டன. அவற்றுள் 234 பேர், தமது எட்டாவது வயதில் இரசாயனப் பரிசோதனை செய்து இரவு உடையில் ஓட்டை விழ எரித்துக்கொண்ட அதே கதையை எழுதியிருந்தனர். 175 கட்டுரைகளில் தளர்ந்த அல்லது நோயுற்ற பாட்டனார் ஒருவர் வந்துபோனார். மனித உடல் இயங்கும் விதத்தின்மீது தாம் கொண்ட ஈர்ப்பை 370 வாக்கியங்கள் ஏறக்குறைய ஒரே சொற்களில் மொழிந்தன. இயந்திரம் கட்டுரை எழுதித் தரத் தொடங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் இவ்வண்ணம் எழுதினர் என்பது கவனத்துக்குரியது.

பத்திரிகைகள் இதனைத் திருட்டு என்று கொண்டு நகைத்தன. அந்நகைப்பு மேலெழுந்தவாரியானது என்பது நம் எண்ணம். திருடியவர் ஏன் குறிப்பாக இக்கதையைத் திருடினர்? காப்பியத் தலைவன் பிறக்கும்போதே நன்னிமித்தங்கள் தோன்றவேண்டும் என்பது போல, மருத்துவனாக விழைபவனுக்கும் இளமையிலேயே ஒரு குறி தோன்றியிருக்கவேண்டும் என்று இவ்வடிவம் எதிர்பார்க்கின்றது. எரிந்த இரவு உடை அந்த நிமித்தம். நிமித்தம் வாய்க்கப்பெறாதவன் பிறருடையதை இரவல் வாங்குகின்றான். பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று, தாய்தந்தையர் சொன்னார்கள், தொழில் உறுதியானது, உயிரியலில் நல்ல புள்ளி வருகின்றது, ஆகவே விண்ணப்பிக்கின்றேன் என்று உண்மையை எழுதுமாயின் அதனை யார் ஏற்பார்?

இரவு உடையைவிட அந்தப் பாட்டனாரே நம்மை அதிகம் சிந்திக்க வைக்கின்றார். பேரப்பிள்ளையின் கட்டுரைக்குள் வருவதற்காகவே அவர் நோயுறுகின்றார். அவர் வாழ்நாள் முழுவதும் செய்த தொழில் யாது? நிலக்கரிச் சுரங்கத்திலா, பஞ்சாலையிலா, வங்கியிலா? எந்தக் காற்றைச் சுவாசித்தார்? எத்தனை நாள் வைத்தியரிடம் போகாமல் ஒத்திப்போட்டார்? பாத்திரப் படைப்பு என்ற அளவிற்கூட அவருக்கு உயிரில்லை.

ஆசிரியத் தொழிலில் இருப்பதால் இத்தகைய கட்டுரைகள் நம் கைக்கும் வருவதுண்டு. இலங்கையிலிருந்து பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகளை நாடுவோருட் பெரும்பாலார் இலண்டன் உயர்தரப் பரீட்சைக்குப் பயிலும் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளே. அண்மையில் நாம் படித்த கட்டுரையொன்றை எடுத்துக்கொள்வோம். அதனை எழுதிய மாணவர், உறவினரான வைத்தியர் ஒருவரின் உதவியால், கிராமப்புற வைத்தியசாலையொன்றில் இரண்டு வாரம் உடனிருந்து பார்த்தவர். நீரிழிவினால் காற்புண் அழுகிய முதிய விவசாயி ஒருவர் அங்கு கொண்டுவரப்படுகின்றார். காலைத் துண்டிக்க நேரிடுகின்றது. மாணவர் அவருடைய கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருக்கின்றார். அவ்விடத்தில் தாம் பிறர்துயர் உணரும் பண்பையும் மனவுறுதியையும் உரையாடும் திறனையும் கற்றதாக எழுதி அப்பந்தியை முடிக்கின்றார். ஆங்கில நடையில் ஒரு பிழையுமில்லை.

முதியவர் ஏன் இவ்வளவு பிந்தி வந்தார் என்று கேட்டோம். மாணவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. அவரது ஊருக்கு நாளொன்றுக்கு இரண்டு பஸ்களே. கிளினிக் நாள் அறுவடைக் காலத்தில் வந்தது. போனால் அன்றைய கூலி இல்லை. முதல் நாளைத் தவறவிட்டவர், ஏச்சு விழும் என்று அஞ்சி அடுத்த நாளும் போகவில்லை. கையைப் பற்றியிருந்த நேரத்தில் முதியவரே இவற்றையெல்லாம் சொல்லியிருக்கின்றார்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்றோம்.

"இடமில்லை, சேர். அவையள் கேக்கிறதும் இதில்லை. நான் என்ன படிச்சனான் எண்டுதான் கேக்கினம்" என்றார்.

மாணவர் வடிவத்தைச் சரியாகவே விளங்கிக்கொண்டிருக்கின்றார். குறைபாடு அவருடையதன்று. மூன்றாவது வினாவின் பிற்பகுதியை மீண்டும் நோக்குக: அது ஏன் பயனுடையது? யாருக்குப் பயன் என்பது வினாவுக்குள்ளேயே முடிந்துவிட்டது. காலை இழந்தவர் அந்த விவசாயி. அதனால் ஈட்டியவர் விண்ணப்பதாரர். நோய் சமுதாயக் காரணங்களினின்றும் பிரித்தெடுக்கப்பட்டு ஒரு காட்சியாகின்றது. இரக்கம், பிறருக்கும் நமக்குமிடையே உள்ள உறவாக இராது, ஒருவனுடைய சொந்தச் சொத்தாகப் பட்டியலிடப்படுகின்றது. தனிமனிதவாதம் என்று நாம் நாவல் விமரிசனத்தில் பேசுவது இங்கே தூய வடிவில் காணப்படுகின்றது.

பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகளின் பேரவை வெளியிட்டுள்ள அறிவுரைகளில் நியாயமான பகுதிகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. வைத்தியசாலையில் வைத்தியரின் பின்னால் நடந்திருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. முதியோர் இல்லத்தில் உதவியாளராயிருந்ததும், கூலிக்கு வேலை செய்ததும், வீட்டிலே நோயாளியைப் பராமரித்ததும் அனுபவமே என அவை கூறுகின்றன. நல்ல கருத்துதான். ஆனால் வீட்டிலே தாயைப் பராமரித்த பிள்ளையும் அதே வினாவுக்கே விடை எழுதவேண்டும்: அம்மாவின் நோயினால் நீ அடைந்த பயன் யாது?

இதே பொருளை ஆங்கில இலக்கியம் வேறு விதமாகக் கையாண்டதுமுண்டு. ஏ. ஜே. குரோனின் 1937இல் வெளியிட்ட 'த சிற்றடெல்' என்னும் நாவல் ஓர் இளம் வைத்தியனின் கதை. குரோனின் தாமும் வேல்ஸ் நாட்டின் றெடீகர் என்னும் சுரங்க நகரில் வைத்தியராயிருந்தவர். நாவலின் தலைவன் மான்சன் சுரங்க ஊருக்கு வந்த சில நாட்களிலேயே நெருப்புக் காய்ச்சலை எதிர்ப்படுகின்றான். காரணம் கசியும் கழிவுக் கால்வாய். அதிகாரிகள் அசைவதில்லை. மான்சனும் அவன் தோழன் டெனியும் ஓர் இரவில் அக்கால்வாயை வெடிவைத்துத் தகர்க்கின்றனர். நாவலில் குறைகள் உள்ளன. தொழிலாளரின் வைத்திய உதவிக் கழகத்தைக் குரோனின் பரிவோடு சித்திரித்தார் எனக் கூறவியலாது. தீர்வு பெரும்பாலும் தனிவீரனின் கையிலேயே தங்கிவிடுகின்றது. எனினும் நோயாளியின் படுக்கையிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து அதிகாரியின் அலட்சியத்துக்கும் வாசகனை நடத்திச் செல்லும் நேர்மை அதற்குண்டு. இன்றைய மாணவன் மான்சனாயிருந்து விண்ணப்பம் எழுதினால், கால்வாயைத் தகர்த்தது கூட்டாகச் செயற்படும் திறனுக்குச் சான்று என்று எழுதவேண்டியிருக்கும்.

சரி, இக்கட்டுரைக்கு அத்துணை முக்கியத்துவம் உண்டா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. சில மருத்துவக் கல்லூரிகள் தெரிவின்போது இதற்குப் புள்ளியே இடுவதில்லை. யூகற் எனப்படும் நுழைவுப் பரீட்சையே பல இடங்களில் முதற்சல்லடை. 2025இல் அதன் மூன்று அறிவாற்றற் பகுதிகளுக்கும் சேர்த்து 900 முதல் 2700 வரை புள்ளி வழங்கப்பட்டது. பிரித்தானியாவுக்கு வெளியே எழுதுவோர் 115 பவுண் செலுத்தினர். அதற்குப் பின் நேர்முகப் பரீட்சை. அதிலே நடிகரை நோயாளியாக இருத்தி மாணவரின் பரிவைச் சோதிப்பதும் உண்டு. ஆனால் வெளிநாட்டு மாணவரைப் பொறுத்தவரை உண்மையான சல்லடை இவற்றுக்கெல்லாம் முந்தியது. இங்கிலாந்தின் மருத்துவ இடங்களில் வெளிநாட்டாருக்குரிய பங்கு ஏறத்தாழ 7.5 வீதம் மட்டுமே. அவர்களை ஏற்காத கல்லூரிகளும் உள்ளன. 2025இல் உள்நாட்டு மாணவருக்கு இங்கிலாந்தில் ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 9535 பவுண். வெளிநாட்டவர்க்கோ பல கல்லூரிகளில் 40000 பவுணைத் தாண்டியது. கேம்பிரிட்ஜில் 70000 அளவை எட்டியது. படிப்பு ஐந்து அல்லது ஆறு ஆண்டு. இவற்றோடு விசாவுக்காகச் சுகாதார மேல்வரியாக ஆண்டுக்கு 776 பவுண் வேறு. ஏன் மருத்துவம் கற்க விரும்புகின்றீர் என்ற வினாவுக்கு விடை எழுத உட்காருமுன்பே, எழுதத் தகுதியுடையோர் யார் என்பதை வங்கிக் கணக்கு தீர்த்துவிடுகின்றது.

இது வெளிநாட்டானுக்கு மட்டும் இழைக்கப்படும் அநீதி என்று கொள்வதும் தவறு. 2014இல் மேற்படி பேரவையின் ஆய்வே, பிரித்தானியாவின் இடைநிலைப் பாடசாலைகளில் ஏறத்தாழப் பாதி சில ஆண்டுகளாக மருத்துவத்துக்கு ஒரு விண்ணப்பதாரரைக் கூட அனுப்பவில்லை என்றும், விண்ணப்பதாரருள் 80 வீதத்தினர் சுமார் 20 வீதமான பாடசாலைகளிலிருந்தே வந்தனர் என்றும் காட்டிற்று. சுரங்கத் தொழிலாளியின் பேரனும் நம் நாட்டுக் கூலியாளின் பேத்தியும் இவ்விடயத்தில் ஒரே வரிசையிலேயே நிற்கின்றனர்.

நோயை அனுபவத்தால் அறிந்தவருக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் உள்ளவரோ நோயைத் தேடி இரண்டு வாரம் வெளியே போகவேண்டியிருக்கின்றது. இம்முரண்பாட்டை மூடிமறைப்பதற்கே உருக்கமான மொழி தேவைப்படுகின்றது. ஆகவே கட்டுரைக்குப் புள்ளியில்லை என்பதனால் அது தீங்கற்றதாகிவிடாது. அதனை எழுதிப் பழகிய கை அப்பழக்கத்தைக் கைவிடாது. முதல் நோயாளியைத் தன் பண்புக்குச் சான்றாக எழுதக் கற்ற இளைஞன், ஆயிரமாவது நோயாளியிடம் பஸ் நேரத்தைக் கேட்பானா என்பதே நமது ஐயம்.

மேலே குறிப்பிட்ட றெடீகர் நகரில் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் தம் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திய உதவிக் கழகமொன்றை நடத்தினர். அவ்வூரிலே பிறந்து, சிறுவயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கிய அநியூரின் பெவன் சுகாதார அமைச்சரானபோது, அம்முறையை நாடு முழுவதற்கும் விரித்துக் காட்ட விரும்பினார். 1948 யூலை 5ஆந் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. நம் மாணவர் விண்ணப்பிப்பது அந்தச் சேவையின் வைத்தியசாலைகளில் பயிலுவதற்கே. நான் என்ற சொல்லால் அது உண்டாகவில்லை.

அந்த மாணவர் கட்டுரையைத் திருத்தினார். விவாதப் போட்டிப் பரிசையும் நீச்சற் பதக்கத்தையும் நீக்கி, அவ்விடத்தில் இரண்டு பஸ்களையும் அறுவடையையும் தவறிப்போன கிளினிக் நாளையும் எழுதினார். முந்நூறு எழுத்துருவுக்குச் சற்றுக் கூடப் பிடித்தது. மனவுறுதியைக் கற்றேன் என்ற வாக்கியம் போய், கிளினிக் நாட்களை யார் தீர்மானிக்கின்றார்கள் என்று தாம் வைத்தியசாலையில் விசாரித்ததும், விடை கிடையாததும் அங்கே வந்தன. பரிசை வெட்டியது தாயாருக்குப் பிடிக்கவில்லை என அறிகின்றோம். ஒக்டோபர் 14ஆந் திகதி இரவு வரை வீட்டில் அதுபற்றிப் பேச்சு நடந்ததாம்.