எண்ணிக்கையில் வராத பிள்ளை

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரின் கல்வி நிலையை அளந்து, அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்னும் மூன்று பொருளியல் அறிஞர்கள் 2022இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். கொரோனாத் தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்தது எவ்வளவு, பள்ளிகள் திறந்தபின் மீட்டுக்கொண்டது எவ்வளவு என்பதே அதன் பொருள். அதன் முடிவுகள் நாளிதழ்களில் பாராட்டுடன் வெளிவந்தன. பாராட்டியோர் அனைவரும் அதனை முழுமையாகப் படித்தனரா என்பது ஐயமே. பெற்றோர் அறிய வேண்டிய செய்திகள் அதில் உள. அறிந்தபின் கேட்க வேண்டிய கேள்விகளும் உள.

ஆய்வு என்றதும் நம்மவர் இரு வகையாக நடந்துகொள்வர். ஒரு சாரார் புள்ளிவிவரம் என்ற சொல் காதில் விழுந்ததும் தலையாட்டி விடுவர். மற்றொரு சாரார், "முப்பது ஆண்டு பிள்ளைகளோடு பழகிய எனக்குத் தெரியாததையா இவர்கள் கண்டுவிட்டனர்?" என்று புறந்தள்ளுவர். செய்தி ஒன்று வந்தால் சொன்னவர் யார், அவர் நேரில் கண்டது எது, ஊகித்தது எது, இடையில் விடுபட்டது எது என்று வினவிய பின்னரே ஏற்பது மத்ரஸாவில் ஓதியோர்க்குப் பழகிய முறை. அந்த முறையையே இங்கும் கைக்கொள்வோம்.

முதலில் நேரில் கண்டது. 2019இல் சில சிற்றூர்களில் பிள்ளைகளைச் சோதித்திருந்தனர். 2021 டிசம்பரில் அதே ஊர்களில், அதே வயதுடைய பிள்ளைகளை மீண்டும் சோதித்தனர். கணிதத்தில் ஏறத்தாழ 0.7 திட்ட விலக்கமும், தமிழில் 0.34 திட்ட விலக்கமும் குறைந்திருந்தன. இந்த அலகு இல்லத்தரசிகளுக்கும் விளங்க வேண்டும் அன்றோ? 2019ஆம் ஆண்டுப் பிள்ளைகள் நூறு பேரை மதிப்பெண் வரிசைப்படி நிறுத்துவதாகக் கொள்வோம். நடுவில் ஐம்பதாவதாக நின்றிருக்க வேண்டிய பிள்ளை, கணிதத்தில் ஏறக்குறைய எழுபத்தாறாம் இடத்திற்கும், தமிழில் அறுபத்துமூன்றாம் இடத்திற்கும் பின்தங்கிப் போனது. வறிய வீட்டுப் பிள்ளைகளின் இழப்பு பிறரைவிடப் பெரிது. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இக்குறையில் மூன்றில் இரு பங்கு நிரம்பிவிட்டது என்பதும் அவர்கள் அளந்து கண்டதே. அதிகம் இழந்த ஏழைப் பிள்ளைகளே வேகமாகவும் மீண்டனர்.

இனி ஊகித்தது. 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருவிலேயே வாழும் படித்த பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்று மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இதனால் விளைந்தது என்கிறது ஆய்வுரை. நாளிதழ்களில் இந்த எண்ணே பெரிதாக்கப்பட்டது. ஆனால், இன்னார் மாலை வகுப்புக்குச் செல்லலாம், இன்னார் செல்லலாகாது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை அன்று இது. விரும்பியோர் சென்றனர், ஏனையோர் செல்லவில்லை. இரு சாராரின் முந்தைய மதிப்பெண்களைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டுப் பெற்ற மதிப்பீடே அந்த 24. ஆய்வாளர் அதனை மறைக்கவில்லை, செய்தியாக்கியவர் மறந்துவிட்டனர். மேலும், 24 போக எஞ்சிய 76ஐ யாரும் பேசவில்லை. அதில் பெரும்பங்கு, கதவு திறந்த பள்ளிக்கூடமும் அதில் நின்ற சாதாரண ஆசிரியரும் தந்ததாகவே இருத்தல் வேண்டும்.

எனினும், திட்டத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. மாலை வகுப்புக்குச் சென்ற பிள்ளை மூன்று நான்கு மாதங்களில் கணிதத்தில் 0.17 திட்ட விலக்கம் முன்னேறியது என்பது, நூறு பேர் வரிசையில் ஐம்பதிலிருந்து நாற்பத்துமூன்றுக்கு வருவதற்கு ஒப்பாகும். ஆயிரம் ரூபாய்ச் செலவில் ஒரு தெருவுக்கு இது கிடைத்தால் எளிய பயனா? மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் துஃப்லோவும் பிறரும் இதே வகையில், அக்கம்பக்கத்துப் பெண்களைக் கொண்டு, பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டும் தனியே பாடம் சொல்ல வைத்துச் சோதித்தனர். அங்கே சீட்டுக் குலுக்கிப் பள்ளிகளைப் பிரித்திருந்தனர். அங்கும் கடைநிலையில் இருந்த பிள்ளைகளே அதிகம் பயனடைந்தனர். ஆகவே, நம் மாநிலத்து ஊகத்துக்கு வலுவான பக்கச் சான்று ஒன்று உண்டு.

இவ்வாய்வுகளின் உட்பொருள் ஒன்றே: வகுப்பு எதுவோ அதற்கேற்ப அன்று, பிள்ளை எங்கு நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். மக்தபுகளில் ஓதியவர்க்கு இது வியப்பளிக்காது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சபக். பத்து வயதுப் பிள்ளை அலிஃப், பே ஓதும், அதன் அருகில் எட்டு வயதுப் பிள்ளை யாஸீன் ஓதும். எவரும் அதை இழிவாக எண்ணுவதில்லை. 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், ஒரு கலையை முதலில் சுருக்கமாகவும், பின்னர் விரிவாகவும், மூன்றாம் முறை அதன் கடினமான முடிச்சுகளோடும் சொல்லித்தர வேண்டும் என்று படிமுறை வகுத்தார். இதைவிட எனக்குச் சுவையானது அந்நூலில் வேறொன்று. குர்ஆன் ஒன்றையே ஓதிக் கொடுத்த மஃரிபு நாட்டுப் பிள்ளைகளையும், அதனோடு கவிதையும் இலக்கணமும் கையெழுத்தும் கலந்து கற்பித்த அந்தலூஸியப் பிள்ளைகளையும் அருகருகே வைத்து, மொழியாற்றல் எங்கு மிகுந்தது, எங்கு குன்றியது என்று அவர் எடை போட்டார். தம் சமூகத்தின் பாடத்திட்டத்தையே விளைவைக் கொண்டு விசாரித்த அந்தத் துணிவை நம் கல்விக் கூடங்கள் பிறகு ஏனோ கைவிட்டன. எல்லாம் முன்னோர் சொன்னதே என்று பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. இப்னு கல்தூனைப் பாடம் சொல்வோர் பலர்; அவரைப் போல் கணக்குப் பார்ப்போர் சிலர்.

நம் வட்டாரத்திற்கு வருவோம். 2022 ஜூன் 13ஆம் நாள், திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் 2025க்குள் கற்றிருக்க வேண்டும் என்பது குறிக்கோள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து அந்தந்த நிலைக்குரிய பயிற்சி நூலைத் தந்தனர். பெயர் வைத்தவருக்கு நல்ல மனம். 'மக்கு' என்ற சொல்லை வகுப்பறையிலிருந்து விரட்ட முயன்றிருக்கிறார். ஆயினும் பெயர் பூவாக இருந்தால் மட்டும் போதாது. ஜூனில் அரும்பாக எழுதப்பட்ட பிள்ளை மார்ச்சிலும் அரும்பாகவே இருந்தால், அது நிலை அன்று, முத்திரை. நிலை மாறியதா என்று அடிக்கடி பார்ப்பதே இம்முறையின் உயிர்.

இம்முறை தமிழ்நாட்டிற்கு முற்றிலும் புதிதும் அன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படியில் ஏறுவதையே நோக்கமாகக் கொண்டது. அட்டைகளும் தட்டுகளும், சுவரின் அடியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் கரும்பலகையும் நினைவிருக்கலாம். அந்தக் கரும்பலகைகள் சில பள்ளிகளில் இன்னும் மங்கிக் கிடக்கின்றன. அந்த முறையில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அதை நடத்திய ஆசிரியர்க்கு ஆதாரத்துடன் விளக்கியிருந்தால், அடுத்த திட்டத்தை அவர் அயலான் விருந்தாகப் பாராமல் தம் வீட்டுச் சமையலாக ஏற்றிருப்பார்.

தலைமையாசிரியரின் பங்கு இங்கேதான் வருகிறது. முன்சொன்ன மூவருள் முரளிதரனும் சிங்கும் மத்தியப் பிரதேசத்தில் மற்றோர் ஆய்வு நடத்தினர். சீட்டுக் குலுக்கித் தேர்ந்த 1,774 பள்ளிகளில் நிருவாகத்தைச் சீர்ப்படுத்தும் பெருந்திட்டம்: பள்ளியைக் கூர்ந்து மதிப்பிடுவது, தரம் இடுவது, அந்தந்தப் பள்ளிக்கென முன்னேற்றத் திட்டம் வரைவது. மதிப்பீடுகள் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் நிறைவேறின. இட்ட தரமும் உண்மையை ஒட்டியே இருந்தது. ஆனால் பள்ளி நடந்த விதத்திலும் பிள்ளைகள் கற்றதிலும் மாற்றம் ஏதும் இல்லை. இதில் நகைப்புக்கும் வேதனைக்கும் உரியது பின்னால் நடந்ததே. படிவங்கள் நிரம்பியதைக் கண்டு திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு, நாடெங்கும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

நம் தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆய்வு என்று நான் இதனையே சொல்வேன். எண்ணும் எழுத்தும் நடைமுறைக்கு வந்தபின், செயலியில் மதிப்பீடுகளைப் பதிவேற்றும் சுமை கற்பிக்கும் நேரத்தை விழுங்குகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டன. அம்முறையீட்டைச் சோம்பலின் குரல் என்று ஒதுக்குவோர் மத்தியப் பிரதேசத்தின் கதையை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பதிவேற்றிய எண் மேலிடத்திற்குப் போய்விடுகிறது, அது திரும்பி வந்து, "இந்த ஏழு பிள்ளைகளும் மூன்று மாதமாக அரும்பிலேயே இருக்கின்றனரே, நாளை காலை இவர்களை யார் எடுத்துக்கொள்வது?" என்ற கேள்வியாக ஆசிரியர் அறையில் எழுந்தால்தான் அதற்குப் பொருள். அக்கேள்வியை எழுப்பும் இடத்தில் இருப்பவர் தலைமையாசிரியர் ஒருவரே. வட்டார அலுவலருக்குப் பதில் எழுதும் நேரத்தில் பாதியை அவர் ஏதேனும் ஒரு வகுப்பின் கடைசிப் பாயில் அமர்ந்து கழிக்க இயலுமாயின், எந்த ஆய்வாளரும் அறியாத செய்தி அவருக்குக் கிட்டும்.

இனி, விடுபட்டவர் யார் என்னும் கேள்வி. ஏழைப் பிள்ளைகளே வேகமாக மீண்டனர் என்ற மகிழ்ச்சியான முடிவு, தம் ஊரில் தமிழ் பேசி வாழ்ந்த ஏழைப் பிள்ளைகளைப் பற்றியது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்கு ஆலைகளையும் வார்ப்படச் சாலைகளையும் நம்பி வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அம்முடிவு பொருந்துமா? செங்குன்றம், திருவள்ளூர் சுற்றுவட்டாரச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பொருந்துமா? சூளைக் குடும்பங்கள் மழைக்காலம் ஓய்ந்தபின் வந்து, ஜூன் வாக்கில் ஊர் திரும்புவர். கல்வியாண்டு இங்கும் பாதி, அங்கும் பாதி. கணவன், மனைவி, ஒரு பிள்ளை என மூவரை ஓர் அலகாகக் கணக்கிட்டு முன்பணம் கொடுப்பது சூளைத் தரகரின் நெடுநாள் வழக்கம். தரகரின் கணக்கில் அந்தப் பிள்ளை உண்டு. பள்ளிப் பதிவேட்டிலோ ஆய்வாளரின் மாதிரியிலோ அது இல்லை.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுச் சிற்றூர்களில் மைக்கேல் கிரெமரும் அவருடன் இருந்தோரும் பள்ளிகளுக்குப் பாடநூல்களை இலவசமாக வழங்கிச் சோதித்தனர். சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்னரே நன்கு படித்துவந்த பிள்ளைகள் மட்டுமே பயனடைந்தனர். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. பானர்ஜி, துஃப்லோவுடன் 2019இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்த கிரெமரின் இந்த முடிவைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்து பாருங்கள். எவ்வளவு அழகாக அச்சிட்ட பயிற்சி நூலாயினும், தமிழ் அறியாத பிள்ளைக்கு அது வண்ணப்படம். மொழி தெரியாத பிள்ளையை அறிவு குறைந்த பிள்ளையோடு ஒரே பாயில் அமர்த்தி இருவரையும் 'அரும்பு' என்று எழுதினால், அளவுகோலே பொய் சொல்கிறது. தொழிற்பேட்டைப் பக்கத்தில் மாலை மத்ரஸா நடத்துவோர் இதனை எளிதில் உணர்வர். பகலில் தமிழ் எழுத்தைக் கண்டு மிரளும் பீகார்ப் பிள்ளை, மாலையில் அரபி எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஈடாக நிற்கிறது. அந்த எழுத்து இருவருக்கும் ஒரே அளவு புதிது.

சட்டம் இப்பிள்ளைகளைக் கைவிடவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கலாகாது. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. சூளைப் பிள்ளைகளுக்கென ஒடிய மொழி அறிந்த ஆசிரியரையும் ஒடிசாப் பாடநூல்களையும் கொண்டு கற்றல் மையங்கள் இம்மாவட்டத்தில் நடத்தப்பட்டதும் பாராட்டுக்குரியது. ஆனால் இம்முயற்சிகள் தொண்டின் கணக்கில் எழுதப்படுகின்றனவே ஒழிய, ஆய்வின் கணக்கில் ஏறுவது அரிது. அம்மையத்தில் ஐந்து மாதம் இருந்த பிள்ளை, ஊர் திரும்பியபின் எந்த வகுப்பில் அமர்ந்தது, என்ன வாசித்தது என்று இரு மாநிலங்களையும் தொடர்ந்து சென்று பார்ப்பவர் வேண்டும். 2019இலும் 2021இலும் ஒரே ஊருக்குத் திரும்பிச் சென்ற அறிஞர்களின் பொறுமை, ஊர் மாறும் பிள்ளையின் பின்னாலும் செல்லட்டும்.

அதுவரை ஒரு தலைமையாசிரியர் செய்யக் கூடியது உண்டு. ஜனவரியில் வந்த பிள்ளை ஜூனில் புறப்படும்போது அதன் கையில் ஒரு தாள் கொடுத்தனுப்பலாம். தன் மொழியில் எதுவரை வாசிக்கிறது, எத்தனை இலக்கம் வரை கூட்டுகிறது, எத்தனை நாள் பள்ளிக்கு வந்தது என்று மூன்று வரி. ஒடியத்தில் எழுதத் தெரிந்தவர் அந்தச் சூளையிலேயே இருப்பார்.