மரியோவுக்கு ஒரு வேட்டி

மரியோவுக்கு மீசை வந்தது அழகுக்காக அல்ல. 1981-ல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக அந்த உருவத்தை வரைந்த ஷிகேரு மியாமோட்டோவிடம் இருந்த சதுரப் புள்ளிகள் ரொம்பக் குறைச்சல். வாய் வரைய இடமில்லை. மூக்குக்குக் கீழே மீசையை வைத்தார். தலைமுடி வரைவது கஷ்டம். தொப்பியைப் போட்டு மூடினார். உலகத்துக்கே தெரிந்த அந்த முகம், ஒரு பற்றாக்குறை பட்ஜெட்!

1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'ஸிலும் பெரிய வசதி கிடையாது. சின்ன மரியோ குடியிருப்பது பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில். 256 சதுரம், மூன்று கலர். நான் பி.காம். என்பதால் எனக்கு இது சட்டென்று புரிகிறது. சுத்தமான டபுள் என்ட்ரி. தொப்பிக்கு ஒரு புள்ளி வரவு என்றால் நெற்றிக்கு ஒரு புள்ளி பற்று.

ராஜபாளையத்தில் நண்பரின் மகன் ஒருவன், ப்ளஸ் டூ, இந்த 256 சதுரத்துக்குள்தான் குடித்தனம் நடத்துகிறான். பழைய வீடியோ கேம் கதாபாத்திரத்தை எடுத்து, புள்ளி புள்ளியாக மாற்றி, வேறு ஆளாக்குவது. 'ஸ்ப்ரைட் எடிட்' என்று பெயர். காசும் கிடையாது, மார்க்கும் கிடையாது.

"அடுத்தவன் போட்ட பொம்மைக்கு உக்காந்து கலரடிக்கிறான் பாருங்கண்ணே" என்றார் நண்பர்.

பாதி நியாயம்தான். இந்தப் பொழுதுபோக்கில் பெரும்பாலானவை வெறும் கலர் மாற்றம். (கம்பெனிக்காரர்களே செய்ததுதான். மரியோவுக்குக் கலர் மாற்றினால் தம்பி லூயிஜி. 1992-ல் 'மார்ட்டல் காம்பாட்'டின் ஸ்கார்ப்பியனும் சப்-ஸீரோவும் ஒரே ஆள், ஒரே டிரஸ், கலர் மட்டும் வேறு.) பையன் காட்டிய முதல் டஜனில் நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டேன். ஒன்றில் கத்தியை மட்டும் சாஃப்ட்வேரில் திருப்பி, பெரிதாக்கி ஒட்டியிருந்தான். உடம்பில் ஒரு சைஸ் சதுரம், கத்தியில் வேறு சைஸ். கட்டம் போட்ட சட்டையில் கோடு போட்ட பாக்கெட் மாதிரி உறுத்தியது. இன்னொன்றில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கவலையே இல்லாமல் ஓரமெல்லாம் இருட்டடித்து, ஆள் தலையணை போல உப்பியிருந்தார்.

அப்புறம் வந்தார், வேட்டி கட்டிய மரியோ.

இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று கலர் என்ற பழைய சட்டத்தைப் பையன் மீறவில்லை. அந்த விளையாட்டில் தொப்பிக்கும் கால்சட்டைக்கும் ஒரே சிவப்பு. வேட்டிக்காக அதை வெள்ளையாக்கினால் தொப்பியும் வெளுத்துவிடும். வெளுத்தது. உடனே தொப்பியின் முனையில் இரண்டு புள்ளியை எடுத்துவிட்டு, அதைத் தலையில் கட்டிய துண்டாக்கிவிட்டான்! ஓடும்போது மடித்துக் கட்டு. குதிக்கும்போது ஒரு கை வழக்கம்போல மேலே, மற்றது வேட்டி நுனியில். ஆளின் சுபாவமே மாறிவிட்டது. இதைக் கலரடிப்பு என்று எப்படிச் சொல்வது?

குறையும் உண்டு. நிற்கும் மரியோவின் வேட்டியில் மடிப்புக்காக, மிச்சமிருந்த பழுப்பில் ஒரு கோடு இழுத்திருக்கிறான். சேற்றில் இறங்கியவர் மாதிரி இருக்கிறது.

காப்பி என்று முகம் சுளிக்கிறவர்கள் பஸ் ஏறி, பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகலாம். ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, காக்காய்ப்பொன்னில் கண். நேற்றைய கிளிதான் இன்றும். இன்றைக்கு ஒரு மாறுதலுக்கு மைனா செய்யலாமே என்று யாரும் கேட்பதில்லை. அதே உருவத்தைத் திரும்பச் செய்வதிலும் கை தெரியும் என்பது அந்த ஊருக்குத் தெரியும்.

ஒரு வித்தியாசம், கிளிக்கு காப்பிரைட் கிடையாது. மரியோவுக்கு உண்டு. 2016-ல் ஒரு ரசிகர் வருஷக்கணக்கில் உழைத்து, பழைய 'மெட்ராய்ட்' விளையாட்டு ஒன்றைப் புதுப்பித்து இலவசமாகவே வெளியிட்டார். நின்டெண்டோ உடனே தடுத்துவிட்டது. பையனின் வேட்டி மரியோவும் கம்பெனி கண்ணை மூடிக்கொண்டிருக்கும் வரைதான். அவனுக்கு அது தெரிகிறது. ஆனாலும் யாருடைய எடிட்டிலிருந்து எதை எடுத்தான் என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயர் போட்டிருக்கிறான். (நம் சினிமாவில் எத்தனை பேர் போடுகிறார்கள்?)

கிளம்பும்போது, "வேட்டிக்கு ஒரு பச்சைக் கரை போடேன்" என்றேன்.

"கலர் மூணுதான் பெரியப்பா. கரை பச்சையானா மீசையும் பச்சையாயிடும்" என்றான்.