போலியாளரின் வாக்குமூலம்: எரிக் ஹெப்போர்ன் தன்வரலாற்றின் சான்று மதிப்பு

பழைய ஐரோப்பிய ஓவியர்களின் பெயரில் கோட்டோவியங்களைப் போலியாக வரைந்து விற்றவர் ஆங்கில ஓவியர் எரிக் ஹெப்போர்ன் (1934–1996). தம் செயல்களை விவரித்து 1991இல் ‘டிரான் டு டிரபிள்’ என்னும் தன்வரலாற்றை வெளியிட்டார். அருங்காட்சியகங்களில் உள்ள போலிகளைப் பற்றிய பேச்சில் இந்நூல் வாக்குமூலமாகவே எடுத்தாளப்படுகிறது. வாக்குமூலம் அளித்தவர் பொய்யையே தொழிலாகக் கொண்டிருந்தவர் என்பது அப்போது மறக்கப்பட்டுவிடுகிறது.

ஹெப்போர்னின் செயல் முதலில் வெளிப்பட்டது அவர் எழுத்தால் அன்று, காகிதத்தால். வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தின் காப்பாட்சியர் கான்ராட் ஓபர்ஹூபர் 1978இல் இரண்டு கோட்டோவியங்களை ஒப்புநோக்கினார். ஒன்று அவருடைய கூடத்திலேயே ஸ்பெராந்தியோவின் பெயரில் இருந்தது. மற்றொன்று நியூயார்க்கின் பியர்பாண்ட் மோர்கன் நூலகத்தில் ஃபிரான்செஸ்கோ தெல் கோசாவின் பெயரில் இருந்தது. இரண்டும் ஒரே வகைக் காகிதத்தில் வரையப்பட்டிருந்தன. காகிதம் ஒத்திருப்பது மட்டுமே குற்றத்தை நிறுவாது. இருவரும் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியர். இருவருக்கும் ஃபெராரா நகரத் தொடர்பு உண்டு. ஆயினும் இரண்டு படங்களும் இலண்டனின் கோல்னாகி வணிக நிறுவனத்தின் வழியே, ஹெப்போர்ன் என்னும் ஒருவரிடமிருந்தே வந்தவை என்பது சேர்ந்தபோது ஐயம் வலுப்பெற்றது. ஆக, படத்தை மட்டும் பார்த்த கண் தவறவிட்டதைப் படம் வந்த வழி காட்டிக்கொடுத்தது.

வண்ண ஓவியத்தைவிடக் கோட்டோவியம் போலியாளருக்கு எளிதில் வசப்படுவது. 20ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த டைட்டானியம் வெள்ளை ஒரு பழைய ஓவியத்தின் மூலப்பூச்சில் இருந்தால் அதுவே அதைப் போலி எனக் காட்டிவிடும். கோட்டோவியத்திலோ ஆய்வுக்கு அகப்படும் பொருள் குறைவு. பழைய நூல்களின் வெற்றுத் தாள்கள் காகிதமாகும். மாசிக்காய், அன்னபேதி, பிசின் ஆகியவற்றைக் கொண்டு பழைய முறைப்படியே மையும் காய்ச்சலாம். கரிமக் காலக்கணிப்பு தாளின் வயதைச் சொல்லுமேயன்றிக் கோட்டின் வயதைச் சொல்லாது. சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு இது புதிதன்று: ஏடு பழையது என்பதால் அதில் உள்ள பாடம் பழையது ஆகிவிடுவதில்லை.

நூலில் ஹெப்போர்ன் முன்வைக்கும் தற்காப்பு கவனமாக அமைக்கப்பட்டது. தாம் வல்லுநர்களிடமே விற்றதாகவும், படத்துக்குரிய ஓவியர் யார் என முடிவுசெய்யும் பொறுப்பை அவர்களிடமே விட்டதாகவும் அவர் கூறுகிறார். எனவே குற்றம் பெயர் சார்த்தியவர்களையே சேரும் என்பது அவர் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. நல்ல பெயர் சார்த்தப்பட்டால் விலை உயரும் சந்தையில் வணிகரின் கண் நடுநிலையானதன்று. ஆனால் பழந்தாளைத் தேடி, பழமுறையில் மை காய்ச்சி, குறிப்பிட்ட ஓவியரின் கைப்போக்கைப் பயின்று வரைந்தவர் வாய் திறந்து பெயர் சொல்ல வேண்டிய தேவை என்ன? தாளும் மையும் கோடும் அப்பெயரை அவருக்காகச் சொல்லிவிட்டன.

தன்வரலாற்றின் நம்பகத்தன்மை மிகுந்த சோதனைக்கு உள்ளாகும் இடம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் மூத்த யான் புரூகலின் பெயரில் இருந்த கோயிற்காட்சிப் படம் பற்றிய பகுதி. பழைய படமொன்றை வாங்கித் தாம் அதைவிடச் சிறப்பாக வரைந்ததாகவும், பின்னர் மூலத்தைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டு நீரூற்றிவிட்டதாகவும் ஹெப்போர்ன் எழுதுகிறார். அருங்காட்சியகம் இதை ஏற்கவில்லை. படம் உண்மையானது, கதையே பொய் என்பது அது அப்போது எடுத்த நிலை. இங்கு உரிமை கோருபவரே சான்றை அழித்துவிட்டதாகவும் சொல்கிறார். கூற்று உண்மையாயின் ஒரு பழம்படைப்பு மறைந்து அதன் இடத்தில் போலி நிற்கிறது. பொய்யாயின் ஓர் உண்மைப் படைப்பின் மீது நீங்காத கறை படிகிறது. ஒரு படத்துக்கு இல்லாத உடைமை வரலாற்றைப் புனைவதும், இருக்கும் வரலாற்றை ஒரு கதையால் பறிப்பதும் ஒரே தொழிலின் இரு முகங்கள். நூலை நகைச்சுவைக்காகப் பாராட்டுவோர் இவ்விரண்டாம் முகத்தைப் பெரிதாக எண்ணுவதில்லை.

இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. கோசாவுக்கு உறுதியாக உரியவை எனத்தக்க கோட்டோவியங்கள் மிகச் சில. அச்சிறு தொகுதியில் ஒரு போலி புகுந்தால், அடுத்து வரும் ஆய்வாளர் அதையே அளவுகோலாகக் கொண்டு வேறு படங்களை ஏற்கவும் தள்ளவும் நேரும். 1978இல் ஐயம் எழுந்தபின் கோல்னாகி நிறுவனம் நெடுநாள் கழித்தே செய்தியை வெளியிட்டது. அப்போதும் ஹெப்போர்னின் பெயரைச் சொல்லவில்லை. அவர் தொடர்ந்து வரைந்தார். அடுத்த பத்தாண்டில் மேலும் 500 படங்கள் வரைந்ததாக அவரே கூறுகிறார். மொத்தம் 1,000 அளவில் என்பதும் அவர் கணக்கே. முழுப் பட்டியலை அவர் விட்டுச்செல்லவில்லை. 1996 சனவரியில் ரோம் நகரில் தலைக்காயத்துடன் கண்டெடுக்கப்பட்டு அவர் இறந்தபின் குறுக்கு விசாரணைக்கும் வழியில்லை. எஞ்சியிருப்பவை வணிகர்களின் கொள்முதல் ஏடுகளும் அருங்காட்சியகங்களின் வரவுப் பதிவுகளுமே. தன்வரலாற்றில் பெயர் சுட்டப்பட்ட படங்களை அவ்வேடுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடும் வரை, ‘ஹெப்போர்னின் போலி’ என்னும் குறிப்பும் ‘புரூகலின் படம்’ என்பதைப் போலவே சரிபார்க்கப்பட வேண்டிய ஒரு பெயர் சார்த்தல்தான்.