நடுக்களத்தைத் தாண்டிப் பறக்கும் பந்து

சேலம், நாமக்கல் பக்கம் பள்ளிகளுக்கிடையே கால்பந்துப் போட்டி நடந்தால், கோட்டுக்கு வெளியே நின்று "அடிச்சு விடுடா!" என்று கத்தும் பி.இ.டி. சார் ஒருவராவது இருப்பார். பையன்கள் பந்தைக் காலில் வைத்திருந்தாலே அவருக்குப் பதறும். அவர் பயத்தில் சொல்வதைக் கணக்குப் போட்டுச் செய்து, இந்திய அணியின் பயிற்சியாளர் நாற்காலி வரை வந்தவர் காலித் ஜமீல்.

இத்தனைக்கும் அவர் நடுக்கள ஆட்டக்காரர். 1977இல் குவைத்தில் பிறந்து, பிளாட்டினியை ஆதர்சமாகக் கொண்டு வளர்ந்தவர். ஏர் இந்தியா, மகிந்திரா யுனைடெட், இந்திய அணி என்று ஆடியவரைக் காயங்கள் முடக்கின. 2009இல் மும்பை எஃப்.சி.யின் பயிற்சியாளரானார். பணபலம் இல்லாத அந்தக் கிளப்பை 2016 வரை ஐ-லீக்கிலிருந்து இறங்கிவிடாமல் காத்தார். அவர் போன மறு சீசனிலேயே மும்பை கடைசி இடத்துக்குச் சரிந்தது.

அதே 2016-17 சீசனில்தான் ஐஸாலில் அவர் நிகழ்த்திய அதிசயம். முந்தைய ஆண்டு தரமிறங்கி, கோவா கிளப்புகள் விலகியதால் மட்டுமே திரும்ப இடம் கிடைத்த மிசோரம் அணி அது. கடைசி ஆட்டம் ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில். பட்டம் வெல்ல டிரா செய்தால் போதும். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டார்கள். 67ஆவது நிமிடத்தில் வில்லியம் லால்நுன்ஃபெலா சமன் செய்தார். ஐஸால் 37 புள்ளி, மோகன் பகான் 36.

இந்த வெற்றியைத் 'தற்காப்பின் வெற்றி' என்று எழுதிவைத்துவிட்டோம். பாதிதான் உண்மை. அந்த அணியின் நடுவில் சிரியாக்காரர் மஹ்மூத் அல் அம்னா இருந்தார். பந்தை நிறுத்தி, தலை நிமிர்ந்து பார்த்து, எங்கே ஆள் இல்லையோ அங்கே அனுப்பக்கூடியவர். பின்னால் பூட்டு, நடுவில் மூளை என இரண்டும் சேர்ந்ததுதான் ஐஸால். பின்னாளில் காலித்தின் அணிகளில் பூட்டு மட்டும் மிஞ்சியது.

கொல்கத்தாவின் இரு பெரிய கிளப்புகளிலும் அவர் நிலைக்கவில்லை. அங்கே ரசிகனுக்கு டிராவும் தோல்விதான். 2021இல் நார்த்ஈஸ்ட் யுனைடெடை இடையில் ஏற்று ஐ.எஸ்.எல். அரையிறுதிக்குக் கொண்டுபோனார், முழுப் பொறுப்பு கிடைத்த அடுத்த சீசனில் பதினொரு அணிகளில் பத்தாவது இடம். ஜாம்ஷெட்பூரை 2025இல் அரையிறுதிக்கும் சூப்பர் கோப்பை இறுதிக்கும் கொண்டுவந்தார். இறுதியில் கோவாவிடம் 3-0. விழுந்த அணியைத் தூக்கி நிறுத்துவதில் அவருக்கு இணையான இந்தியப் பயிற்சியாளர் இன்று இல்லை. நின்ற பிறகு அதை நடக்கவைப்பதுதான் சிக்கல்.

2025 ஆகஸ்டில் தேசிய அணிப் பொறுப்பு. முதல் தொடரின் முதல் ஆட்டத்திலேயே தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணில் 2-1 என வென்றார்கள். முதல் கோலுக்கு வழி, உவைஸின் நீண்ட த்ரோவும் அன்வர் அலியின் தலையும். நடுக்களத்துக்கு வேலையே இல்லை! ஓமானைப் பெனால்டியில் வென்று அந்தத் தொடரில் மூன்றாம் இடமும் கிடைத்தது.

அக்டோபரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூருடன் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்க, பத்துப் பேரோடு போராடி ரஹிம் அலியின் கடைசி நேரக் கோலில் 1-1. இரண்டாவது மட்காவில், சொந்த மண்ணில். சாங்டே 14ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார். பிறகு பந்தைக் கையாளத் தெரியாமல் பின்வாங்கிப் பின்வாங்கி, சோங் உய்-யங்கிடம் இரண்டு கோல் வாங்கி, ஆசியக் கோப்பை வாய்ப்பையே இழந்தோம். பத்துப் பேராகத் தோற்காத அணி, பதினொரு பேராக முன்னிலையில் இருந்து தோற்றது. காலித் முறையின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு ஆட்டங்களிலேயே இருக்கின்றன.

பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவர் வருவதற்கு முன்பே, முந்தைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் காலத்துத் தகுதிச் சுற்று ஆட்டங்கள் இரண்டில் இந்தியா எடுத்தது ஒரே ஒரு புள்ளி. ஐ.எஸ்.எல். கிளப்புகளோ ஆட்டத்தை உருவாக்கும் இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே தருகின்றன. அந்த இடத்துக்கு இந்தியப் பையன் எங்கிருந்து வருவான்?

ஆனால் 'காசில்லாத அணி வேறெப்படி ஆடும்' என்ற சமாதானத்தை நம் ஊர்க்காரர்களிடம் சொல்ல முடியாது. கோவை நேரு மைதானத்தில் 2018-19இல் சென்னை சிட்டி ஆடியதைப் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தவர்கள் இங்கே உண்டு. அதுவும் பெரிய முதலீடு இல்லாத கிளப்தான். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் தரையோடு பாஸ் செய்ய வைத்தார். பெட்ரோ மான்ஸி 21 கோல் அடித்தார். எட்வின் வான்ஸ்பாலைப் போன்ற தமிழ்நாட்டுப் பையன்களும் அந்த ஆட்டத்தில் பொருந்தினார்கள். அவர்களும் ஒரே புள்ளி வித்தியாசத்தில்தான் ஐ-லீக் வென்றார்கள்.

தரமிறங்கும் பயத்தில் இருக்கும் கிளப் எனக்கு இருந்தால் காலித்தைத்தான் கூப்பிடுவேன். தேசிய அணிக்கு அவர் போதாது. பந்தை வைத்து ஆடக் கற்றுத்தரும் இன்னொருவரைப் பக்கத்தில் அமர்த்தினால் ஒழிய.